அப்பாவின் டீம்

மூணாறு ஒரு மலை ஊர். இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் போடியிலிருந்து மலை ஏறினால் மூணாறுக்குப் போய்விடலாம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பல தலைமுறைகளாக அங்கே பாடுபடுகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து அவர்களுடைய பாட்டன் பூட்டனைக் கங்காணிகள் அழைத்து வந்தார்கள்.

அங்கே புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் என்ன கேட்பார்கள்? "எந்த எஸ்டேட்டு?" என்றுதான் கேட்பார்கள். செண்டுவாரை என்பார் ஒருவர். நயமக்காடு என்பார் இன்னொருவர். பந்தாட்டம் நடக்கும் நாட்களில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பொருளும் உண்டு. "நீ எந்த டீம்?" என்பதுதான் அது.

மூணாறில் ஒரு கால்பந்துப் போட்டி நடக்கிறது. அதன் பெயர் பின்லே ஷீல்டு. ஷீல்டு என்றால் கேடயம். வெற்றி பெறும் அணிக்கு அது பரிசு. 1941ஆம் ஆண்டு இந்தப் போட்டி தொடங்கியது. அப்போது தோட்டங்களை நடத்தியது ஜேம்ஸ் பின்லே என்ற வெள்ளைக்காரக் கம்பெனி. ஒவ்வொரு எஸ்டேட்டும் ஒரு அணியை அனுப்பும். ஆடுகிறவர்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள்தான். அந்தக் காலத்தில் தொழிலாளிக்கு ஏது பூட்ஸ்? வெறுங்காலோடு ஆடினார்கள்.

பிறகு காலம் மாறியது. 1964இல் டாட்டா கம்பெனி பின்லேயோடு கூட்டுச் சேர்ந்தது. 2005இல் தொழிலாளிகளும் பங்கு வைத்திருக்கும் புதிய கம்பெனி வந்தது. முதலாளி பெயர் எத்தனை முறை மாறினாலும், மக்கள் வாயில் அது இன்றும் பின்லே ஷீல்டுதான்.

கால்பந்து ஆட்டம் எளிமையானது. ஒரு பக்கத்துக்கு 11 பேர். 45 நிமிடம், சிறு ஓய்வு, மறுபடி 45 நிமிடம். கோல்கீப்பரைத் தவிர ஆடும்போது வேறு யாரும் கையால் பந்தைத் தொடக்கூடாது. எதிர் அணியின் வலைக்குள் பந்தைத் தள்ளினால் ஒரு கோல். ஒரு பந்தும் கொஞ்சம் இடமும் இருந்தால் போதும். அதனால்தான் ஏழைகள் வாழும் இடங்களில் எல்லாம் இந்த ஆட்டம் வேர் பிடித்தது.

சரி, ஒரு பிள்ளைக்குத் தன் டீம் எப்படி அமைகிறது? யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. அப்பா பழைய மூணாறு மைதானத்துக்குப் புறப்படுவார். பிள்ளை அவர் தோளில் ஏறிக்கொள்ளும். பந்து எங்கே போகிறது என்றுகூட அதற்குத் தெரியாது. அப்பா கத்தும்போது அதுவும் கத்தும். அப்பா வாய் மூடிக் கிடந்தால் அதுவும் முகம் வாடும். நல்லது கெட்டது தெரியும் முன்பே டீம் மனசுக்குள் வந்துவிடும். பிறகு அதை மாற்ற முடியாது. கட்சி மாறுகிறவர்கள் உண்டு. டீம் மாறுகிறவர்களைப் பார்ப்பது அரிது.

அப்பா மட்டுமா? அம்மாவும்தான். நாள் முழுவதும் கொழுந்து எடுத்துவிட்டு வந்த கால் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் தன் எஸ்டேட்டுப் பையன் கோல் போட்டான் என்றால் அம்மாவின் சத்தம் அப்பாவின் சத்தத்துக்குக் குறையாது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் வீடு லயத்தில் இருக்கிறது. லயம் என்பது வரிசையாகக் கட்டிய சிறு வீடுகள். அது கம்பெனி வீடு. வேலை இருக்கும் வரைதான் அந்த வீடு. ஓய்வு பெற்ற பிறகு குடும்பத்தில் வேறு யாருக்கும் தோட்ட வேலை இல்லை என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது வருடம் வளர்த்த செடியும் சொந்தம் இல்லை. அது நிற்கும் மண்ணும் சொந்தம் இல்லை. பிள்ளைக்கு எழுதி வைக்க என்ன இருக்கிறது? "நம்ம எஸ்டேட்டு", "நம்ம டீம்" என்று சொல்லும் உரிமை இருக்கிறது. அதை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது.

கேரளம் முழுவதும் இப்படிப் பந்துப் பைத்தியம் உண்டு. 1973இல் எர்ணாகுளத்தில் சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம் நடந்தது. அது மாநிலங்களுக்கு இடையே நடக்கும் போட்டி. கேரளம் 3, ரயில்வே 2. கேரளத்தின் மூன்று கோலையும் போட்டவர் அணித்தலைவர் மணி. கேரளம் அந்தக் கோப்பையை வென்றது அதுதான் முதல் முறை. அப்போது கேரளத்தில் டி.வி. இல்லை. ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொன்னார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அன்று பிறக்காதவர்கள்கூட இன்று நேரில் பார்த்தது போல அந்த ஆட்டத்தைச் சொல்வார்கள்.

பிறகு டி.வி. வந்தது. 1986இல் உலகக் கோப்பை மெக்சிகோவில் நடந்தது. அர்ஜென்டினாவின் மரடோனா ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பலர் மயங்கினார்கள். அர்ஜென்டினா எங்கே இருக்கிறது? உலகத்தின் மறுகோடியில். நமக்கும் அந்த நாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அது பல வீடுகளில் அப்பாவின் டீம் ஆனது. வேறு சில வீடுகளில் பிரேசில். உலகக் கோப்பை வந்துவிட்டால் பாலக்காட்டின் எல்லை ஊர்களிலும் இந்தக் கொடிகள் ஏறும். அண்ணன் ஒரு டீம், தம்பி ஒரு டீம் என்றால் அந்த வீட்டில் ஒரு மாதம் நிம்மதி கிடையாது!

1986இல் வென்ற அர்ஜென்டினா மறுபடி வென்றது 2022 டிசம்பர் 18ஆம் தேதிதான். நடுவில் 36 ஆண்டுகள். மரடோனாவைப் பார்த்த இளைஞர்கள் அதற்குள் நரைத்துவிட்டார்கள். வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து மெஸ்ஸி கோப்பையைத் தூக்குவதைப் பார்த்தார்கள். 2020இல் மரடோனா இறந்துபோனார். அவருடைய ஆட்டத்தை நேரில் பார்க்காத பிள்ளைகளும் அன்று அவரை நினைத்தார்கள்.

மூணாறிலும் நிலைமை மாறி வருகிறது. படித்த பிள்ளைகள் கொழுந்து எடுக்க விரும்புவதில்லை. கோயம்புத்தூர், திருப்பூர், கொச்சி என்று வேலை தேடிப் போகிறார்கள். அப்பாவின் டீம் மனசில் இருக்கிறது. ஆனால் அந்த டீமுக்கு ஆட ஆள் வேண்டுமே! லயங்களில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களும் வாழ்கின்றன. அந்தப் பிள்ளைகளும் அதே முற்றத்தில்தான் வளர்கிறார்கள். அவர்களையும் "எந்த எஸ்டேட்டு?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஷீல்டு போட்டி நாளன்று சாயந்திரம் திருப்பூரிலிருந்து லயத்துக்குப் போன் வரும். உடம்பு எப்படி இருக்கிறது, மழை பெய்ததா என்பதெல்லாம் பிறகுதான். முதலில் மகன் கேட்பது, "நம்ம டீம் என்னாச்சுப்பா?"