நீர்ப்பறவைகள் குளிரை வெல்லுமாறு

வடநாடுகளில் மாரிக்காலத்தில் ஏரிகளின் ஓரமெல்லாம் பனிக்கட்டியாகி உறைந்து கிடக்க, நடுவே எஞ்சிய நீரில் வாத்துக்கள் அமைதியாக நீந்தித் திரிகின்றன. அவற்றின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 பாகை செல்சியசு. சூழ்ந்துள்ள நீரின் வெப்பநிலையோ 0 பாகையை அண்மியது. நீர், காற்றைக் காட்டிலும் 20 மடங்கிற்கு மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது. அங்ஙனமாகவும் இப்பறவைகள் விறைத்து மடியாதிருப்பது எவ்வாறு?

முதற் காரணம் இறகாகும். புறத்தேயுள்ள இறகுகளின் இழைகள் நுண்ணிய கொளுக்கிகளாற் பிணைந்து, நீர் புகாத போர்வையாக அமைகின்றன. வாலடியிலுள்ள சுரப்பியினின்றும் எண்ணெயை அலகினால் எடுத்துப் பூசி, வாத்து அவ்விறகுகளைப் பதங்கெடாது பேணுகின்றது. அவற்றின் கீழே மெல்லிய தூவி அடர்ந்துள்ளது. தூவியினிடையே அசைவின்றி அடைபட்டிருக்கும் காற்றே உடல் வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கின்றது. ஐசுலாந்து மக்கள் ஈடர் வாத்தின் கூடுகளிலிருந்து தூவியைச் சேர்த்துப் போர்வைகளில் நிரப்புவதும் இதுபற்றியே.

இறகற்ற கால்களின் நிலை யாது? கால்களுட் செல்லும் நாடிகளும் உடலுக்கு மீளும் நாளங்களும் அருகருகே அமைந்துள்ளன. கீழிறங்கும் சூடான குருதி, குளிர்ந்து மேலேறும் குருதிக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகின்றது. ஆகவே பாதத்தை அடைவது தண்ணிய குருதியே. நீருக்கு இழக்கப்படும் வெப்பமும் சிறிதே. பாதம் உறையும் நிலை நேரின், குருதியோட்டம் பெருகி அதனைக் காக்கும். எதிரோட்ட வெப்பமாற்று எனப்படும் இம்முறையினைச் சோலாண்டர் முதலிய உடற்றொழிலியலறிஞர் 1950ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து விளக்கினர். தரையில் நிற்கும்போது ஒரு காலை மடித்து இறகினுள் வைத்துக்கொள்ளுதலும், அலகை முதுகிறகினுட் புதைத்தலும் இக்காப்பிற்குத் துணையாவன.

எனவே, நீர்ப்பறவை குளிரைத் தாங்குவது பெரும்பாலும் உள்ள வெப்பத்தை இழவாமையினாலேயாம். அக்காப்பு எளிதிற் கெடக்கூடியது என்பதும் கருதத்தக்கது. 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் எக்சன் வால்டீசு என்னுங் கப்பல் அலாசுக்காக் கரையோரத்தில் பாறையில் மோதியதால், மசகெண்ணெய் கடலிற் பரந்தது. எண்ணெய் தோய்ந்த இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, இடையிலிருந்த காற்று அகன்று குளிர்நீர் உடலைத் தொட்டது. இறகைக் கோதித் தூய்மை செய்ய முயன்ற பறவைகள் அந்நஞ்சை விழுங்கின. பல்லாயிரம் பறவைகள் மடிந்தன. இறகிழைகளின் ஒழுங்கு குலையாதிருக்கும் வரையிலேயே நீர்ப்பறவைக்குக் குளிரினின்றும் காவல் உண்டு.