முதல் நூறு வாசகர்

வலைப்பதிவு தொடங்குவது பத்து நிமிட வேலை. பிளாகரிலோ வேர்ட்பிரஸிலோ கணக்குத் திறந்து, பெயர் வைத்து, முதல் கட்டுரையை ஏற்றிவிடலாம். அதைப் படிக்க ஆள் சேர்வதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்குபவர் மூன்றாம் மாதமே மனம் தளர்ந்து நிறுத்திவிட மாட்டார்.

முன்பு ஒரு வசதி இருந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள், யார் எங்கே புதிதாக எழுதினாலும் அந்தத் தலைப்பை ஒரே பக்கத்தில் காட்டின. நேற்று எழுத வந்தவருக்கும் அங்கே இடம் இருந்தது. பின்னூட்டம் போடும் முதல் வாசகர் அங்கிருந்தே வந்தார். அந்தப் பொதுத் திண்ணை இன்று இல்லை. வாசகர் இப்போது தேடி வர வேண்டும், அல்லது யாராவது சொல்லி வர வேண்டும்.

தேடி வருபவருக்குத் தலைப்புதான் வாசல். மாடித்தோட்டம் பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘பசுமையின் மடியில்’ என்று தலைப்பிட்டால் அழகாக இருக்கும். ஆனால் அப்படி யாரும் கூகுளில் தேடுவதில்லை. ‘தொட்டியில் வைத்த கத்தரிச் செடியில் பூ உதிர்வது ஏன்?’ என்று வையுங்கள். செடியைப் பார்த்துக் கவலைப்படுகிறவர் கேட்கும் கேள்வியே அதுதான். பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் தொட்டியில் நடந்த கதை அதன்பிறகு வரட்டும். நம்மில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறோம். அதனால் கட்டுரையின் இணைய முகவரியில் ‘கத்தரி’, ‘பூ உதிர்வு’ போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்ப்பது நல்லது. எழுதியதைப் படமாக்கிப் போடும் பழக்கம் வேண்டாம். எழுத்தாகவே இருந்தால்தான் தேடுபொறி அதைச் சரியாகப் படிக்கும்.

புதிய தளத்துக்கு வேறெந்தத் தளத்திலிருந்தும் இணைப்பு இல்லையென்றால் கூகுள் அதைக் கண்டுகொள்ளவே நாளாகும். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவையில் உங்கள் முகவரியைப் பதிந்து வையுங்கள். அதில் எனக்குப் பெரிதாகத் தோன்றும் பயன் வேறு: என்னென்ன சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று அது பட்டியலிடும். நீங்கள் எழுதாத ஒரு கேள்வி அதில் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த கட்டுரைக்குப் பொருள் கிடைத்துவிட்டது.

சொல்லி வருபவரைச் சேர்ப்பது வேறு கலை. எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் இணைப்பைப் போட்டுவிட்டுப் போவதால் பயனில்லை. நாலாவது தடவை யாரும் திறக்க மாட்டார்கள். அதே கத்தரிக் கேள்வியை ஒரு முகநூல் குழுவில் யாராவது கேட்கும்போது, அங்கேயே நாலு வரியில் பதில் சொல்லுங்கள். விரிவாக வேண்டுமென்றால் இங்கே இருக்கிறது என்று பிறகு இணைப்பைக் கொடுங்கள். பிறர் எழுதுவதையும் படித்து, படித்ததைப் பற்றி மனமாரக் கருத்துச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று வருந்துபவர்களுக்கு நான் எழுத்தாளர் சி. சு. செல்லப்பாவை நினைவூட்டுவேன். 1959இல் அவர் தொடங்கிய ‘எழுத்து’ இதழைப் படித்தவர்கள் சில நூறு பேரே. தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரிகளுக்குப் போய் விற்றார். அந்தச் சில நூறு பேரிலிருந்து எழுத வந்தவர்தான் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். தமிழ்ப் புதுக்கவிதை வேரூன்றியதும் அந்தச் சின்ன இதழில்தான். நின்று படிக்கும் நூறு பேர், எட்டிப் பார்த்துப் போகும் பத்தாயிரம் பேரைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த நூறு பேர் நிற்க வேண்டுமென்றால் நாள் தவறக் கூடாது. வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்று. ஜெயமோகன் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை 2014 முதல் 2020 வரை இணையத்தில் நாள்தோறும் வெளியிட்டார். அவ்வளவு நம்மால் முடியாவிட்டாலும், சொன்ன நாளில் வந்து நிற்பது முடியும்.

இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். நீங்கள் எழுதிய கட்டுரை உண்மையில் தேவைப்படும் ஒருவரை நினைத்துப் பார்த்து, அவருக்கு மட்டும் அனுப்புங்கள். எங்கே புரியவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடத்தைத் திருத்திவிட்டு, அடுத்தவருக்கு அனுப்புங்கள்.