முகத்தை மூடிய முக்காடு

உலகத்திலேயே மோசமான படம் எது? 1980-ல் வெளிவந்த ஒரு அமெரிக்கப் புத்தகம் அந்தப் பட்டத்தை ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்துக்குச் சூட்டியது. எட் வுட் இயக்கிய படம்.

டிராகுலாவாகப் புகழ்பெற்ற பேலா லுகோசியை வைத்து எட் வுட் சில காட்சிகளை எடுத்திருந்தார், சத்தமே பதிவாகாமல். 1956 ஆகஸ்டில் லுகோசி காலமாகிவிட்டார். வேறொருவராக இருந்தால் அந்தச் சுருளைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பார். எட் வுட்டோ அதைச் சுற்றி ஒரு கதையையே கட்டிவிட்டார்! மிச்சக் காட்சிகளுக்கு? மனைவிக்கு முதுகு வைத்தியம் பார்த்த டாம் மேசனைக் கூட்டிவந்தார். லுகோசியைவிட நல்ல உயரம். முகச்சாயல் துளியும் கிடையாது. அதனால் என்ன? கறுப்பு அங்கியைத் தூக்கி மூக்குவரை மறைத்துக்கொண்டு, கண் மட்டும் தெரிய, படம் முழுக்க நடந்தார் மனுஷன்.

படத்தில் வரும் பறக்கும் தட்டுகள் கடையில் விற்ற பொம்மைகள். தொங்கவிட்ட கயிறுகூடத் திரையில் தெரியும். பணம் போட்டவர்கள் பாப்டிஸ்ட் கிறிஸ்தவ சபைக்காரர்கள். ‘கல்லறைத் திருடர்கள்’ என்று முதலில் வைத்த பெயர் அவர்களுக்குப் பிடிக்காததால்தான் இந்தப் பெயர். அவர்களுக்காக இயக்குநரும் நடிகர்கள் சிலரும் ஞானஸ்நானம்கூட எடுத்துக்கொண்டார்கள்!

1994-ல் டிம் பர்ட்டன் எட் வுட்டின் கதையையே படமாக்கினார். அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.