கொள்ளைக்கார அண்ணன்-தம்பிகள்! நிஜ சகோதரர்களே நடித்த படம்

அமெரிக்காவைக் கலக்கிய ஜேம்ஸ், யங்கர் கொள்ளைக் கும்பலின் கதை, 1980-ல் 'தி லாங் ரைடர்ஸ்' என்ற படமாக வந்தது. டைரக்டர் வால்டர் ஹில்.

முகஜாடை

ஜேம்ஸ் சகோதரர்களாக கீச் சகோதரர்கள் 2 பேர். யங்கர் சகோதரர்களாக காரடைன் சகோதரர்கள் 3 பேர். எல்லாருமே நிஜத்தில் கூடப்பிறந்தவங்க! அந்த முகஜாடைக்கே காசு கொடுக்கலாம் என்பது ரசிகர்கள் கட்சி. ஸ்லோ மோஷனில் குண்டு பாயும் பேங்க் சண்டைக்கும் தனி மவுசு.

திருடன் ஹீரோவா?

திருட்டுப் பசங்களை ஹீரோவாக்கிட்டாங்களே என்று குமுறுபவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.

1876 செப்டம்பர் 7-ந் தேதி மினசோட்டா மாநிலம் நார்த்பீல்டில் நடந்த நிஜ சம்பவத்தில், பெட்டகத்தைத் திறக்க மறுத்த பேங்க் ஊழியர் ஜோசப் ஹேவுட் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர்மக்களே துப்பாக்கி எடுத்து கும்பலை விரட்டினார்கள்.

அந்த ஊரில் இன்றும் வருஷா வருஷம் செப்டம்பரில் விழா நடக்கிறது. ஜெஸ்ஸி ஜேம்ஸ் தோற்று ஓடியதைக் கொண்டாடும் விழா!