வேலை தேடும் இளைஞரும் சமூக ஊடகமும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியோசை இன்றும் கேட்கிறது. ஆயினும், நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகளுள் பலர் படித்து முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளையே நாடுகின்றனர். முற்காலத்தில் வேலை பற்றிய செய்தி உறவினர் வாயிலாகவோ, வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வாயிலாகவோ வந்தது. இப்போதோ கைப்பேசியில், வாட்ஸ்அப் குழுக்களின் வழியே வருகிறது. இச்சாதனத்தைப் பயன்படுத்தும் முறையை இளைஞரும் பெற்றோரும் அறிதல் அவசியம்.

ஒரே தெருவில் வாழ்வோர் அறிந்த செய்தி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். புதிய செய்தி சற்றுத் தொலைவிலிருந்தே வர வேண்டும். வேலை தேடுவோர்க்கு நெருங்கிய நண்பரைவிட, ஓரளவு அறிமுகமானவரே மிகுதியும் உதவுகிறார் என்று அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் விளக்கினார். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரைக் கொண்டு நடத்தப்பெற்று, 2022-ல் வெளியான ஆராய்ச்சியும் இக்கருத்துக்கு ஆதரவாக அமைந்தது. ஆகவே, பள்ளியில் முன்பு பயின்றோர், பயிற்சி ஆசிரியர், ஏற்கெனவே ஆலையில் சேர்ந்தோர் ஆகியோருடன் ஊடகத்தின் வழியே தொடர்பு கொள்வது பயன் தரும். "வேலை வேண்டும்" என்று மட்டும் எழுதாமல், தாம் கற்ற தொழில், பெற்ற பயிற்சி, விரும்பும் பணி ஆகியவற்றைத் தெளிவாகத் தெரிவித்தல் வேண்டும்.

நற்செய்தி வரும் வழியிலேயே வஞ்சகமும் வருகிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தைச் சமூக ஊடகத்தில் கண்டு சென்ற இந்திய இளைஞர் பலர், மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வற்புறுத்தப்பட்டனர். மீட்கப்பட்டோருள் தமிழரும் இருந்தனர். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது.

எனவே, செய்தி கிடைத்ததும் அந்நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அதைச் சரிபார்க்க வேண்டும். பதிவுக் கட்டணம், முன்பணம் என்று கேட்போரிடமிருந்து விலகிவிட வேண்டும். ஆதார் எண்ணையும் வங்கி விவரங்களையும் முன்பின் அறியாதவர்க்கு அனுப்பலாகாது. வெளிநாட்டு வேலையாயின், முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பார்ப்பது இன்றியமையாதது. பணத்தை இழந்தவர் வெட்கத்தால் மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதமின்றித் தெரிவித்தால் பணம் கைமாறாமல் தடுக்க வாய்ப்புண்டு. தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையத்திலும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம்.

அசல் சரிகையையும் போலிச் சரிகையையும் பிரித்தறியத் தெரிந்த ஊர் காஞ்சிபுரம். அக்கவனத்தைக் கைப்பேசியில் வரும் செய்தியிடத்தும் செலுத்துவார்களாயின், நம் இளைஞர்க்கு இச்சாதனம் நல்ல துணையாகும்.