பனிக்கு ஆயத்தமாகும் பழைய டிராக்டர்

டிராக்டர் என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பது பரந்த வயலை உழுது செல்லும் பெரிய இயந்திரமே. நான் இங்கே கூறவிருப்பது அதற்கு இளையவனான ஒரு வண்டியைப் பற்றி. அமெரிக்காவின் வட மாநிலங்களில், வீட்டைச் சுற்றி ஓரிரு ஏக்கர் நிலம் வைத்திருப்போர், கோடையில் புல் வெட்டவும் குளிர்காலத்தில் வாயிற்பாதையின் பனியை ஒதுக்கவும் இதனைப் பயன்படுத்துவர். இதற்குத் தோட்ட டிராக்டர் என்று பெயர். ஒருவர் அமர்ந்து ஓட்டலாம். பழைய வண்டிகள் பலவற்றில் ஏழு அல்லது எட்டுக் குதிரைத் திறனுடைய ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருக்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து புறநகர் வீடுகள் பெருகிய காலத்தில் இவ்வண்டிகளும் பெருகின. இந்தியானா மாநிலத்துச் சௌத் பெண்ட் நகரில் 1946-இல் பிறந்த வீல் ஹார்ஸ், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961-இல் வெளியிட்ட கப் கேடட், ஜான் டீர் நிறுவனத்தார் 1963-இல் அறிமுகப்படுத்திய 110 ஆகியவை பெயர் பெற்றவை. இவற்றுட் பலவற்றில், விஸ்கான்ஸின் மாநிலத்துக் கோலர் நிறுவனத்தின் வார்ப்பிரும்பு எஞ்சின் பொருத்தப்பட்டது. நான் விஸ்கான்ஸினில் வாழ்ந்த ஆண்டுகளில் இத்தகைய வண்டிகள் மூன்றைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். போல்ட்டைக் கழற்றினால் எதுவும் தனியே வந்துவிடும். உதிரிப் பாகங்களும் இன்றுவரை கிடைக்கின்றன. அறுபது வயதான இயந்திரம் உழைப்பதன் இரகசியம் இவ்வளவே.

பழம்பொருள் மீதுள்ள ஆசை மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ண வேண்டாம். என் அண்டை வீட்டார் எழுபது வயதைக் கடந்தவர். இதய நோய் உடையவர். பனி வாரும் மண்வெட்டியைத் தொடவே கூடாதென்று மருத்துவர் கட்டளையிட்டிருந்தார். அவர் வீட்டு வாயிலிலிருந்து சாலைவரை அறுபது மீட்டர் பாதை. இரவு முழுதும் பனி கொட்டினால், விடியற்காலையில் அப்பாதையைத் திறக்க அவருக்கு இருந்த ஒரே துணை பழைய டிராக்டர்தான். அது கிளம்ப மறுத்தால் ஆம்புலன்ஸும் உள்ளே வர இயலாது.

குளிர் ஓர் எஞ்சினை என்ன செய்கிறது? மார்கழிக் காலையில் புட்டியிலுள்ள தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்பதை நாம் அறிவோம். எஞ்சின் எண்ணெய் அவ்வாறு வெண்மையாக உறைவதில்லையாயினும், பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும் விஸ்கான்ஸின் இரவுகளில் பாகுபோல் தடித்துவிடும். மோட்டார்க் காரில் எண்ணெயை அழுத்தி அனுப்ப ஒரு பம்பு உண்டு. மேற்சொன்ன ஒற்றைச் சிலிண்டர் கோலர் எஞ்சின்களில் அது கிடையாது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் தண்டின் அடியில் சிறு கரண்டி போன்ற ஓர் உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும். தண்டு சுழலும்போது அது அடித்தொட்டியிலுள்ள எண்ணெயை வாரி எங்கும் இறைக்கும். எளிய ஏற்பாடு, கோடையில் குறையொன்றுமில்லை. எண்ணெய் தடித்துவிட்டாலோ, கரண்டி முதல் சுற்றில் ஒரு பள்ளம் தோண்டிவிடும். சுற்றியுள்ள எண்ணெய் அப்பள்ளத்தை நிரப்ப விரைந்து வராது. அடுத்தடுத்த சுற்றுகளில் கரண்டி வெறுங்காற்றையே வாரும்.

இணைப்புத் தண்டோ அலுமினியத்தால் ஆனது. தனியே பேரிங் ஏதுமின்றி, கிராங்க் தண்டின்மீது நேரே சுழல்வது. இடையே எண்ணெய்ப் படலம் இல்லையேல் அலுமினியம் கிராங்க் தண்டைப் பற்றிக்கொள்ளும், இணைப்புத் தண்டு முறியும். முறிந்த துண்டு வார்ப்பிரும்பு உடலையே துளைத்து வெளிவருவதும் உண்டு. பிறகு பழுதுபார்க்க எதுவும் மிஞ்சாது. ஆகவே கோடைக்குரிய எஸ்.ஏ.இ. 30 எண்ணெயை வடித்துவிட்டு, 5 டபிள்யூ 20 போன்ற மெல்லிய எண்ணெயை ஊற்றுவதே என் முதல் வேலை. டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய, எண்ணெய் குளிரில் எளிதாக ஓடும். எஞ்சின் கிளம்பியவுடன் வேகத்தைக் கூட்டாமல் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட வேண்டும். கதவடைத்த கொட்டகைக்குள் மட்டும் ஓடவிடலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது உயிரைக் குடித்துவிடும்.

அடுத்தது பெட்ரோல். இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் நூற்றுக்குப் 10 பங்கு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் செல்லும் குழாய் தொடங்குவதும் அங்கேதான்! கார்புரேட்டர்க் கிண்ணத்தில் சேரும் நீர் இரவில் கட்டியாகித் துவாரத்தை அடைத்துவிடும். பழைய பெட்ரோலை முழுதும் வடித்து, கிண்ணத்தைத் துடைத்து, புதியதை நிரப்புகிறோம். வெடித்த ரப்பர்க் குழாயையும் அப்போதே மாற்றிவிடுவது நலம்.

எஞ்சின்மீதுள்ள தகட்டுறையைக் கழற்றினால் சில வேளை வியப்பு காத்திருக்கும். இலையுதிர் காலத்தில் எலிகள் அங்கே கூடு கட்டும். காற்றால் குளிரும் எஞ்சினில் அக்காற்றுப் பாதை அடைபட்டால், வெளியே பனி கொட்டினாலும் சிலிண்டர் கொதித்துப் போகும். மின்பொறியைத் தூண்டும் பாயிண்டின் இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் 20 கூறு. அளவுத் தகடு கொண்டு சரிசெய்யலாம். பாட்டரியை எப்போதும் நிறைய மின்னேற்றி வைக்க வேண்டும். மின்சாரம் தீரத் தீர அதிலுள்ள அமிலம் நீர்த்துப்போகும். நீர்த்த அமிலம் எளிதில் உறைந்து பெட்டியைப் பிளக்கும்.

வண்டி கிளம்பிவிட்டாலும், வழுக்கும் பனியில் முன்னேற வேண்டுமே! முன்னால் பனி வீசும் கருவியைப் பூட்டியதும் பின் சக்கரங்களின்மேல் பாரம் குறைகிறது. ஆகையால் சக்கரங்களில் இரும்பு எடைகளை மாட்டி, டயர்களைச் சுற்றிச் சங்கிலி கட்டுவர். சிலர் டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்புவதுமுண்டு. அது நீரைவிடக் கனமானது, எளிதில் உறையாதது; கசிந்தால் சக்கரத்தைத் துரு தின்றுவிடும். நான் சங்கிலியையும் எடையையுமே விரும்புவேன்.

பனி வீசும் கருவியின் திருகு அலகைச் சுழல்தண்டுடன் இணைப்பது ஒரு மெல்லிய ஆணி. பனிக்குள் மறைந்த கல்லோ கட்டையோ அலகில் சிக்கினால், இவ்வாணி முதலில் அறுந்து, விலையுயர்ந்த பல்சக்கரங்களைக் காக்கிறது. அடிக்கடி அறுகிறதே என்று சலித்து, அவ்விடத்தில் கெட்டியான எஃகு போல்ட்டை மாட்டிவிடுவோர் உளர். அடுத்த கல்லுக்குப் பல்சக்கரமே பலியாகும். என் அண்டை வீட்டாரோ மெல்லிய ஆணிகள் பத்தை ஒரு தகர டப்பாவில் போட்டு, டிராக்டர் இருக்கையின் அடியிலேயே கட்டி வைத்திருந்தார்.