யூதர் உணவு நெறியும் கித்துள் இனிப்பும்

வந்தவரை வரவேற்று உண்டி கொடுப்பது கண்டி நாட்டில் வாழும் எல்லாச் சமூகத்தவர்க்கும் உரிய பண்பு. ஆயினும், படைப்பவரின் அன்பு மட்டும் விருந்தை நிறைவாக்கி விடாது. உண்பவரின் நெறியும் அதற்கு இடங்கொடுத்தல் வேண்டும். சைவ உணவு கொள்பவர் வீட்டில் தனிச் சட்டி, தனி அகப்பை வைத்திருப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று. இஸ்லாமியர் ஹலால் எது, ஹராம் எது என்று வகுத்து உண்பதும் யாவரும் அறிந்ததே. இவற்றைப் போன்றே பழமையும் நுட்பமும் வாய்ந்த உணவு நெறி ஒன்று யூத மக்களிடம் உண்டு. அந்நெறிக்கு இசைந்த உணவைக் ‘கோஷர்’ என்பர். ‘தகுதியானது’ என்பதே அச்சொல்லின் பொருள்.

இதனைப் பற்றிப் பல்லேகலவில் உள்ளோர் அறிந்துகொள்ள வேண்டிய தேவை என்ன என்று கேட்கலாம். கண்டி நகருக்குக் கிழக்கே மகாவலி கங்கையின் அருகில் அமைந்த இவ்வூரில் 2009ஆம் ஆண்டு சர்வதேச கிரிக்கெட் விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் நெடுஞ்சாலையும் இவ்வழியே செல்கின்றது. பல நாட்டு மக்களும் வந்து தங்கும் இடமாகி விட்டது இவ்வட்டாரம். விருந்தினர் விடுதி நடத்துவோரும், பாணியும் கருப்பட்டியும் விற்போரும், ‘இது எங்கள் நெறிக்கு ஒத்ததா?’ என்ற கேள்வியை எதிர்கொள்ள நேரிடும். அப்போது, ‘இனிப்புத்தானே, அதில் என்ன இருக்கிறது?’ என்று சொல்லி விடுவது எளிது. அந்த விடை பிழையாயின், நம்பி உண்ட ஒருவர் வாழ்நாள் முழுவதும் காத்துவந்த நெறி அவரை அறியாமலே குலைந்து போகும்.

யூத நெறியின் அடிப்படைகள் சிலவே. அசைபோடுவதும் குளம்பு பிளந்ததுமான விலங்கின் இறைச்சியே ஆகும்; பன்றி ஆகாது. செதிளும் துடுப்பும் உள்ள மீன் ஆகும். இறாலும் நண்டும் சிப்பியும் ஆகா. பூச்சி, புழுக்கள் விலக்கு. இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சமைத்தலும் உண்ணலும் கூடாது. யூதரல்லாதார் செய்த திராட்சைச் சாறும் மதுவும் ஆகா. இவற்றுக்கு மேலாக, பாஸ்கா விழா நாட்களில் கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐவகைத் தானியங்களால் ஆன புளித்த பொருள்கள் அறவே விலக்கப்படுகின்றன. ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதர் அந்நாட்களில் சோளம், அரிசி, பருப்பு வகைகளையும் தவிர்ப்பர்.

இவ்விதிகளை மனத்திற்கொண்டு இனிப்புப் பொருள்களை நோக்குவோம். எந்த இனிப்பைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்டல் போதும். அது எதிலிருந்து எடுக்கப்பட்டது? அதைப் பக்குவப்படுத்துகையில் என்னென்ன சேர்க்கப்பட்டன? எந்தக் கலத்தில் செய்யப்பட்டு, எதனோடு உண்ணப்படுகின்றது?

முதற் கேள்விக்கு மலைநாட்டின் கித்துள் மரம் நல்ல விடை தருகின்றது. கூந்தற்பனை என்று தமிழில் வழங்கும் இம்மரத்தின் பாளையைச் சீவி இனிய சாறு இறக்குவர். சிங்கள மக்கள் இதனைத் ‘தெலிஜ்ஜ’ என்பர். அதனைக் காய்ச்சினால் பாணி. மேலும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி இறுக விட்டால் கருப்பட்டி. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் இம்மரத்தையும் அதன் சாற்றையும் சர்க்கரையையும் வியந்து குறித்துள்ளார். இன்றும் நக்கிள்ஸ் மலையடிவாரக் கிராமங்களில் கித்துள் சீவுதல் குடும்பத் தொழிலாக நடைபெறுகின்றது. மரத்தின் சாறாதலால் பிறப்பு வகையில் இதற்கு யாதொரு தடையும் இல்லை. கரும்புச் சீனி, பனங்கட்டி, தென்னஞ் சர்க்கரை ஆகியனவும் அவ்வாறே.

தேனின் நிலை சற்று வியப்புக்குரியது. தேனீ விலக்கப்பட்ட உயிர். விலக்கப்பட்ட உயிரினின்று வருவதும் விலக்கு என்பது யூதரின் பொது விதி. அப்படியாயின் தேன் எங்ஙனம் ஆகும்? தால்முத் என்னும் அவர்தம் பெருநூல் இவ்வினாவை ஆராய்கின்றது. தேனீ மலரின் மதுவைத் தன்னுள் கொண்டு சேர்க்கிறதேயன்றித் தன் உடலிலிருந்து அதைச் சுரப்பதில்லை; ஆதலின் தேன் ஆகும் என்பது அங்கே கூறப்படும் காரணம். தேனீயின் உடற்பகுதிகள் இல்லாதவாறு வடித்தெடுத்தல் வேண்டும். இதற்கு மாறாக, சமண சமயத்தார் உயிர்க்கொலை கருதித் தேனையே நீக்குகின்றனர். ஒரே பொருளை இரு நெறிகள் இரு வகையாகக் காண்பதால், ‘சமயக் கட்டுப்பாடு உள்ளவர்க்கு எல்லாம் ஒன்றே’ என்று கருதிவிடலாகாது.

இங்கே சொல்லொற்றுமை ஒன்று நேயர்களுக்குச் சுவை பயக்கும். சிங்களத்தில் ‘பெனி’ என்னும் சொல் தேனையும் கித்துள் பாணியையும் ஒருங்கே குறிக்கும். ‘மீ பெனி’ தேன், ‘கித்துள் பெனி’ பாணி. எபிரேய மொழியில் ‘தெவாஷ்’ என்ற சொல்லும் அவ்வாறே தேனையும் பேரீச்சம்பழப் பாகையும் குறிக்கும். பாலும் தேனும் ஓடும் நாடு என்று வேதாகமம் கூறுமிடத்துத் தேன் என்பது பேரீச்சம் பாகே என்று அறிஞர் பலர் கொள்வர். பனையினத்து மரத்தின் இனிப்பைத் தேனோடு ஒருங்கு வைத்து எண்ணும் வழக்கம் இரு நாட்டுக்கும் பொதுவாக இருந்திருக்கின்றது.

இரண்டாவது கேள்வியிலேதான் சிக்கல் மிகுதி. பொருள் தூயதாக இருந்தும், அதைச் செய்யும் முறையில் வேறொன்று நுழைந்துவிடலாம். வட அமெரிக்காவில் மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும்போது அது பொங்கி வழியும். பொங்குதலை அடக்கப் பழங்காலத்தில் ஒரு சிறு துண்டு பன்றிக் கொழுப்பையோ வெண்ணெயையோ இடுவார்கள். மரச் சாறாகத் தொடங்கிய பாகு, அந்த ஒரு துண்டினால் யூதர்க்கு ஆகாததாகவோ, இறைச்சியோடு உண்ணத் தகாததாகவோ ஆகிவிடும். நம் நாட்டிலும் தமிழகத்திலும் பனஞ்சாறு காய்ச்சுவோர் ஆமணக்கு விதைப் பொடி, தேங்காய்த் துருவல் போன்ற தாவரப் பொருள்களைப் பயன்படுத்தி வந்ததால் இத்தொல்லை எழவில்லை. சாறு புளிக்காதிருக்கக் கித்துள் முட்டியில் ‘ஹல்’ மரப்பட்டையை இடுவதும், பனை முட்டியில் சுண்ணாம்பு தடவுவதும் அத்தகையனவே. சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பாயினும், நெருப்பில் நீறான சிப்பி உணவாகக் கருதப்படுவதில்லை.

வெள்ளைச் சீனியைப் பற்றியும் இதே ஐயம் எழுவதுண்டு. சில நாடுகளின் சுத்திகரிப்பு ஆலைகளில் கருப்பஞ்சாற்றின் நிறத்தை நீக்க மாட்டெலும்பைச் சுட்ட கரி பயன்படுகின்றது. எரிந்து கரியான எலும்பு உணவுத் தன்மையை இழந்தது என்பதால், யூத அறிஞர் பெரும்பாலோர் அச்சீனியை ஏற்கின்றனர். தாவர உணவையே கொள்ளும் இந்துக்கள் பலருக்கும், விலங்குப் பொருளையே தவிர்ப்போருக்கும் அது மனம் ஒப்பாதது. இந்தியாவின் ஆலைகளிற் பெரும்பாலானவை சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொண்டே சாற்றைத் தெளியவைக்கின்றன.

மிகச் சிறிய அளவு கலந்தால் என்ன என்று கேட்போருக்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லலாம். அட்லாண்டா நகரில் வாழ்ந்த யூத மதகுரு டோபையாஸ் கெஃபன், கொக்காகோலா பானம் யூதர்க்கு ஆகுமா என்று ஆராய்ந்து 1935இல் தீர்ப்பெழுதினார். அந்நிறுவனம் இரகசியம் காக்கும் உறுதியின்பேரில் தன் சேர்க்கைப் பொருள்களை அவருக்கு அறிவித்தது. அவற்றுள் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின் மிகச் சிறிதளவு இருந்தது. தற்செயலாக விழுந்ததாயின் பொறுக்கலாம். தெரிந்தே சேர்ப்பதைப் பொறுத்தலாகாது என்பது அவர் முடிபு. நிறுவனமும் பருத்தி விதை, தேங்காய் ஆகியவற்றின் எண்ணெயிலிருந்து பெற்ற கிளிசரினுக்கு மாறிற்று. அமெரிக்காவில் இன்றும் பாஸ்கா காலத்தில் சோளப்பாகுக்குப் பதில் சீனி சேர்த்த அப்பானம் மஞ்சள் மூடியிட்டு விற்கப்படுகின்றது.

இனிப்பூட்டும் மாத்திரைகளும் பொடிகளும் இக்கேள்விக்கே உட்பட்டவை. 1879இல் கண்டறியப்பட்ட சாக்கரின் வேதியியல் முறையில் ஆவது. ஸ்டீவியா ஓர் இலையிலிருந்து பெறப்படுவது. இவை தம்மளவில் விலங்குத் தொடர்பு அற்றவை. ஆனால் மாத்திரையை இறுக்கிப் பிடிக்கப் பாற்சர்க்கரையாகிய லாக்டோஸ் சேர்ந்திருப்பின், அது பாலுணவாகி இறைச்சி விருந்தில் இடம் பெறாது. பொடிகளில் பருமன் கூட்டச் சேர்க்கும் மாப்பொருள் சோளத்திலிருந்தோ கோதுமையிலிருந்தோ வந்திருந்தால், பாஸ்கா நாட்களில் தடை எழும். கேக்கின் மேல் பூசும் ஐசிங் சீனியிலும் சோளமா கலந்திருப்பது வழக்கம். வாற்கோதுமை மால்ட்டும் அந்நாட்களுக்கு உரியதன்று. செந்நிற இனிப்புகளில் சில, கொச்சினீல் என்னும் பூச்சியை அரைத்த சாயம் பெற்றவை. அவை எந்நாளும் ஆகா.

இவற்றை வீட்டுக் கண்ணால் அறிய இயலாது. ஆகவேதான் பொதிகளில் மேற்பார்வை முத்திரைகள் பொறிக்கப்படுகின்றன. வட்டத்துக்குள் ‘யூ’ என்ற ஆங்கில எழுத்து, அமெரிக்க யூதச் சங்கம் ஒன்றின் முத்திரை. அருகில் ‘டி’ என்ற எழுத்து இருப்பின் பாலுணவு என்றும், ‘பி’ இருப்பின் பாஸ்காவுக்கும் உரியது என்றும் கொள்ளவேண்டும். இலங்கையிலிருந்து தேங்காய்ப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் பல இத்தகைய சான்று பெற்றுள்ளன. முத்திரை உணவு நெறியை மட்டுமே உணர்த்தும், உடல்நலத்தை உணர்த்தாது. நீரிழிவு நோயாளர்க்குக் கித்துள் பாணியும் சர்க்கரையே என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது கேள்வி கலத்தையும் உடன் உண்ணும் உணவையும் பற்றியது. ஆகாத உணவைச் சமைத்த உலோகக் கலத்தைக் கொதிநீரிலோ நெருப்பிலோ தூய்மை செய்து மீண்டும் வழங்கலாம். மட்கலத்தை அவ்வாறு தூய்மை செய்ய இயலாது என்பது யூத விதி. சாற்றுக்கென்றே ஒதுக்கிய முட்டியும் தாச்சியும் வைத்திருக்கும் கித்துள் தொழிலாளி, தாம் அறியாமலே இவ்விதிக்கு இசைந்து நடக்கின்றார். முட்டிக்குள் விழும் தேனீயையும் எறும்பையும் நீக்கத் துணியில் வடிகட்டுதல் மட்டும் தவறாது நடைபெற வேண்டும்.

உடன் உண்பது குறித்து இந்தியாவின் யூதர்கள் நெடுநாட்களுக்கு முன்பே நல்ல வழி கண்டுள்ளனர். கொச்சி யூதரும், கொங்கணக் கரையின் பெனே இசுரயேலரும் இறைச்சி உணவில் பசும்பாலை நீக்கித் தேங்காய்ப் பாலைச் சேர்த்தனர். பெனே இசுரயேலர் எலியா தீர்க்கதரிசியை நினைந்து படைக்கும் ‘மலிதா’ அவலும் தேங்காயும் இனிப்பும் கலந்தது. இவ்வகையில் பல்லேகல விடுதியாளர்க்குப் பயன்படும் பாடம் ஒன்று உண்டு. தயிரும் பாணியும் இந்நாட்டின் பெயர்பெற்ற இனிப்பு. ஆனால் இறைச்சி உண்ட யூத விருந்தினர்க்கு அதனை உடன் படைத்தலாகாது. முஸ்லிம் இல்லங்களில் பெருநாளுக்குச் செய்யும் வட்டிலப்பமோ தேங்காய்ப் பால், கித்துள் கருப்பட்டி, முட்டை ஆகியவற்றால் ஆவது. முட்டையை உடைத்து இரத்தப் புள்ளி இல்லையென்று பார்த்து, தூய கலத்தில் செய்தால், அது பாலுணவும் அன்று, இறைச்சியுணவும் அன்று, எவ்வேளையிலும் படைக்கலாம்.

இறுதியாக ஒரு செய்தி எஞ்சியுள்ளது. கித்துள் பாணியில் சீனிப் பாகைக் கலந்து விற்கும் தீய வழக்கம் நாடறிந்தது. சீனி விலக்கப்பட்டதன்று, ஆயின் கலந்தவை எவை என்று அறியாத பாணிக்கு எந்தச் சான்றும் சொல்ல இயலாது. அன்றியும், ஒருவரை ஏமாற்றி நம்பவைத்தலை யூத அறநூலார் ‘மனத்தைத் திருடுதல்’ என்று குற்றமாக வகுத்துள்ளனர். உயர்ந்த மரத்தில் ஏறி உயிரைப் பணயம் வைத்துச் சாறு இறக்கும் தொழிலாளியின் நற்பெயரும் அக்கலப்படத்தால் கெடுகின்றது. விருந்தினர் வினவும்போது, எந்தக் கிராமத்தில், யாரிடம், எவ்வாறு செய்த பாணி என்று சொல்லத் தெரிந்திருத்தல் நன்று. தெரியாதபோது, ‘தெரியாது’ என்று சொல்லி, முத்திரையிட்ட சீனிப் பொதியைப் பிரிக்காமல் முன்வைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.